மழைக்குப் போத்தல் வைப்பது விஞ்ஞானமா?

இலங்கையின் வன்னியில், மாங்குளம் பக்கப் பாடசாலையொன்றின் விஞ்ஞானக் கழகம் இந்த மாரிக்குச் சோடாப் போத்தல் வைத்து மழையளவும் குளத்து நீர்மட்டமும் பதிய நினைக்கிறது. அங்கிருந்து வந்த கேள்வி: "பரிசோதனை ஒன்றும் செய்யாமல் பார்த்துப் பார்த்து எழுதுவது விஞ்ஞானம் ஆகுமா? ஆகுமென்றால், எறும்பு முட்டை காவுவதைப் பார்த்து மழை சொன்ன எங்கள் அப்பப்பாமாரும் விஞ்ஞானிகள்தானே? இந்த அவதானிப்பு முறை எங்கே, எப்போது வந்தது?"

ஆகும். மழையையும் வியாழனையும் மேசையில் வைத்துப் பரிசோதிக்க வழியில்லை. வானியலும் வானிலையியலும் பார்த்து எழுதியே வளர்ந்தவை. ஆனால் கூர்மையான கண் மட்டும் இருந்தால் காணாது. அதே நேரம், அதே இடம், அதே பாத்திரம், பார்த்த கையோடு எழுத்து, எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வழி: இந்த ஒழுங்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பிடித்தது. அப்பப்பாமாரின் எறும்புக்குக் கடைசியில் வருகிறேன்.

தொடர்ந்து எழுதுவதில் மூத்தவர்கள் பாபிலோனியர். நமக்குக் கிடைத்திருக்கும் அவர்களுடைய வான் குறிப்பேடுகளில் மிகப் பழையது கி.மு. 652ஐச் சேர்ந்தது, கி.மு. முதலாம் நூற்றாண்டு வரை அந்த வழக்கம் நீண்டது. ஈரக் களிமண் பலகையில் நிலவின் நிலை, கோள்களின் நிலை, மழை, மேகம், யூப்ரடீஸ் ஆற்றின் மட்டம், பார்லியின் விலை எல்லாம் பதிந்தார்கள். வன்னிக் கமக்காரர் ஒருவர் கொப்பி வைத்தாலும் இதே நிரல்தான் வரும்: பிறை, காற்று, குளத்து மட்டம், நெல்விலை. அந்தப் பலகைகளில் எனக்கு மிகப் பிடித்தது, மேகம் மறைத்த இரவுகளில் அவர்கள் "பார்க்கவில்லை" என்று எழுதி வைத்ததுதான். நட்சத்திரம் இல்லை என்பதும், பார்க்க முடியவில்லை என்பதும் வேறு வேறு. உங்கள் கொப்பியிலும் மழை பெய்யாத நாளுக்கு 0 போடுங்கள். யாரும் போய்ப் பார்க்காத நாளுக்குக் கோடு போடுங்கள். இந்த இரண்டும் ஒரு முறை கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது.

சொல்லும் ஒரு கதை வைத்திருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் அவதானிப்பைக் குறிக்கும் சொல்லின் மூலம் இலத்தீனின் 'ஒப்சர்வாசியோ'. நடுக்காலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் விதியை அனுட்டிப்பதையே குறித்தது. நாங்கள் கந்தசட்டி விரதம் அனுட்டிக்கிறோம் என்று சொல்வோமே, அந்தப் பொருள். ஆறாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் கிரகோரி, இரவுச் செபத்துக்கு எழும்பும் நேரத்தை நட்சத்திரங்கள் பார்த்து அறிவது எப்படி என்று துறவிகளுக்கு ஒரு வழிகாட்டி எழுதினார். வானம் பார்ப்பதும் விதி காப்பதும் அங்கே ஒன்றாகவே இருந்தன. தமிழில் அவதானம் என்றால் கவனம். அட்டாவதானி என்றால் எட்டு விடயத்தில் ஒரே நேரம் கவனம் வைப்பவர். விஞ்ஞான அவதானிப்புக்கு இந்தக் கவனமும் வேண்டும், அந்த அனுட்டானமும் வேண்டும். கவனம் முதல் வாரம் எல்லோரிடமும் இருக்கும். ஆறாம் வாரம் காப்பாற்றுவது அனுட்டானம்.

மழையை அளக்கும் எண்ணமும் புதிதல்ல. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், களஞ்சியத்தின் முன் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்கச் சொல்கிறது. வறண்ட நிலத்துக்கு 16 துரோணம், ஈர நிலத்துக்கு 24 துரோணம் என்று பெய்யும் அளவும் சொல்கிறது. பஞ்சாங்கத்தில் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். தானியம் அளக்கும் பாத்திரத்தாலேயே மழையையும் சொல்லும் வழக்கம் அது. கொரியாவில் மன்னர் செஜோங் காலத்தில், 1441-42இல், ஒரே அளவான உருளைப் பாத்திரங்கள் செய்து ஊரூராக அனுப்பினார்கள். எல்லோரிடமும் ஒரே பாத்திரம் இருந்தால்தான் இந்த ஊர் மழையை அந்த ஊர் மழையோடு ஒப்பிடலாம்.

குளத்தோடு வாழும் ஆட்களுக்கு நெருங்கியவர் பெனதெத்தோ கஸ்தெல்லி, கலிலியோவின் மாணவர். 1639இல் இத்தாலியின் பெரூஜியாவில் இருந்தார். பக்கத்துத் திராசிமேனோ ஏரி கோடையில் நன்றாக வற்றிக் கிடந்தது. பிறகு மழை வந்தது. இந்த மழைக்கு ஏரி எவ்வளவு ஏறும்? ஒரு சாண் உயரம், அரைச் சாண் அகலமுள்ள உருளைக் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். அடியை மூடுமளவு தண்ணீர் முதலே ஊற்றி, அந்த மட்டத்தைக் குறித்துக்கொண்டார். ஒரு மணிநேரம் வெளியே வைத்து, எவ்வளவு ஏறியது என்று அளந்தார். ஏரியின் ஒவ்வொரு பாத்திர அகலத்துக்கும் அதே உயரம்தான் விழுந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தச் சிறு வேலையைக் கவனியுங்கள்: முதலே கொஞ்சத் தண்ணீர். பாத்திரத்தின் அடி எப்போதும் சமமாக இராது. மேற்பாதியை வெட்டியெடுத்த உங்களுடைய சோடாப் போத்தலின் அடியில் ஐந்து கால் புடைத்து நிற்கும். அங்கே முதல் சில மில்லிமீற்றர் என்ன அளவென்று எந்த அடிமட்டமும் சொல்லாது. புடைப்பு மூடும்வரை தண்ணீர் விட்டு, அழியாத மையால் கோடு போட்டு, அதைச் சைபர் என்று வையுங்கள். ஒவ்வொரு காலையும் அளந்து ஊற்றியபின் திரும்பக் கோடுவரை நிரப்ப வேண்டும். இதை மறந்த நாளில் மழை குறைவாகக் காட்டும், சின்ன மழை காணாமலே போகும்.

அடிமட்டத்தை விட மில்லிலீற்றரில் அளப்பது நல்லது, போத்தலின் பக்கங்கள் நெளிந்திருப்பதால். ஆய்வுகூடத்து அளவுச்சாடியில் போத்தலில் உள்ள எல்லாவற்றையும் ஊற்றி, சைபர் கோட்டுக்குரிய அளவைக் கழியுங்கள். மழை விழும் வாயின் விட்டம் 9 செ.மீ. என்றால் பரப்பு 3.14 × 4.5 × 4.5, அதாவது 63.6 சதுர செ.மீ. ஒரு மி.மீ. மழைக்கு 6.36 மி.லீ. சேரும். 210 மி.லீ. கிடைத்தால் 33 மி.மீ. மழை. விட்டத்தை அவசரமாக அளக்காதீர்கள்: 9.0ஐ 9.2 என்று எடுத்தால் ஒவ்வொரு நாள் மழையும் நாலரை வீதம் பிழைக்கும். வெட்டிய விளிம்பு கோணலாகி முட்டை வடிவானால் பிழை இன்னும் கூடும். வெட்டிய மேற்பாதியைத் தலைகீழாகப் புனலாகச் செருகுங்கள். கழுத்து ஒடுங்கியிருப்பதால் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாவதும் குறையும், இலையும் பூச்சியும் விழுவதும் குறையும்.

ஒரே இரவில் 200 மி.மீ. தாண்டும் மழை வன்னிக்குப் புதிதல்ல. போத்தல் நிரம்பி வழிந்த இரவுதான் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இரவு. ஆகவே போத்தலை மூடியுள்ள ஒரு வாளிக்குள் வைத்து, மூடியில் போத்தல் வாயளவு வட்டம் வெட்டி, புனல் விளிம்பு ஒரு விரலளவு மேலே நிற்க விடுங்கள். போத்தலின் பக்கத்தில், வாளி மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டால், நிரம்பி வழிவது வாளிக்குள் தங்கும். அதையும் அளந்து கூட்டலாம். வாளியை மூடாமல் விட்டால் வாளியும் தன்பாட்டுக்கு மழை பிடித்துக் கணக்கைக் கெடுக்கும்.

அடுத்தது இடம். இதில்தான் அவதானிப்பின் வரலாறு ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1766 ஜூலை தொடங்கி ஒரு வருடம் மூன்று மழைமானிகளை வைத்தார்: ஒன்று நிலத்தில், ஒன்று வீட்டுக் கூரையில், ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில். நிலத்தில் 22.6 அங்குலம், கூரையில் 18.1, உச்சியில் 12.1. ஒரே மழை, உயரப்போனால் ஏறக்குறையப் பாதி. விழுந்துகொண்டிருக்கும் துளி வழியில் ஈரத்தைச் சேர்த்துப் பருக்கிறது என்றும் பலவிதமாகவும் விளக்கம் சொன்னார்கள். 1861இல்தான் ஆங்கிலேயரான ஸ்ரான்லி ஜெவன்ஸ் காரணத்தைத் தெளிவாகக் காட்டினார்: காற்று. மழைமானியில் முட்டும் காற்று அதன் வாய்க்கு மேலால் வேகமெடுத்துப் பாய்கிறது. சாய்ந்து வரும் துளிகளை வாயைத் தாண்டிக் கொண்டுபோகிறது. உயரத்தில் காற்று கூட. ஆகவே பிடிபடும் மழை குறைவு. ஹெபர்டனின் எண்கள் தொண்ணூறு வருடம் பிழைக்காமல் நின்றன, விளக்கங்கள்தான் மாறின. எழுதும்போது கண்டதையும் நினைத்ததையும் வேறு வேறு நிரலில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

எனவே பாடசாலை மாடியில் வைக்காதீர்கள். மாட்டுக்கும் குரங்குக்கும் பயந்து எல்லோரும் முதலில் நினைப்பது மாடியைத்தான். நிலத்தில், விளிம்பு சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் மண் தெறிக்கும். காலையில் போத்தல் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தால் தெறிப்பு உள்ளே போகிறது என்று அர்த்தம், சுற்றிலும் புல் வளர விடுங்கள். மரமோ கட்டடமோ தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி நிற்க வேண்டும்: 15 மீற்றர் பனை என்றால் 30 மீற்றர். வாளியை மூன்று தடியால் இறுக்கிக் கட்டி, ஒரு பாகம் (இரண்டு கையும் விரித்த நீளம்) தள்ளி முள்வேலி போட்டால் மாடு வராது. குரங்குக்கு மருந்து இல்லை. அது கவிழ்த்த நாளுக்குக் கோடு போட்டு, காரணத்தையும் எழுதுங்கள்.

நேரம் காலை 8.30. இலங்கையின் வானிலை அறிக்கைகளில் மழையளவு, காலை 8.30க்கு முடிந்த 24 மணித்தியாலத்துக்கானது. நீங்களும் அதையே பிடித்தால் உங்கள் எண்ணை மற்ற நிலையங்களோடு வைத்துப் பார்க்கலாம். புதன் காலை அளப்பது பெரும்பாலும் செவ்வாய் பெய்த மழை. அதை எந்தத் திகதியில் எழுதுவது என்று முதல் நாளே தீர்மானித்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நடுவில் பொறுப்பாளர் மாறி வழக்கமும் மாறினால், மழைக்கு முதல் நாளே குளம் ஏறியதாகக் கொப்பி காட்டும். சனி ஞாயிறு ஆள் வராமல் திங்கள் 60 மி.மீ. கிடைத்தால், அதை மூன்றால் வகுத்து நாளுக்கு 20 என்று போடாதீர்கள். மூன்று நாளையும் அடைப்புக்குள் போட்டு மொத்தம் 60 என்று எழுதுங்கள். போர்க்காலத்தில் வடக்கின் பல பதிவுகள் அறுந்தன. அந்த இடைவெளிகள் இடைவெளியாகத் தெரிவதே நல்லது. ஊகத்தால் அடைத்த எண்ணைப் பின்னால் வருபவர் மெய்யென்று எடுத்துவிடுவார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், செவ்வாய்க் கோளைக் காட்டலாம். வானியலாளர் டைக்கோ பிராகி 1576 முதல், அன்று டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்த வென் தீவில் இருபது வருடம் தொலைநோக்கியே இல்லாமல் கோள்களின் நிலையை அளந்தார், பெரிய கருவிகளால், திரும்பத் திரும்ப. பின்னர் வானியலாளர் கெப்ளர், செவ்வாய்க்கான அந்த எண்களோடு ஒரு வட்டப் பாதையைப் பொருத்திப் பார்த்தபோது 8 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வேறுபாடு வந்தது. முழுநிலவின் அகலத்தில் காற்பங்கு. டைக்கோ அவ்வளவு பிழைக்கமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும், ஆகவே எண்ணை விடாமல் வட்டத்தை விட்டார். 1609இல் நீள்வட்டப் பாதை வெளிவந்தது. அடுத்த வருடம் ஜனவரி 7இல் கலிலியோ வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைக் கண்டார். அன்றோடு விட்டிருந்தால் அவை சும்மா நட்சத்திரங்கள்தான். முகில் விட்ட இரவுகளிலெல்லாம் வரைந்துகொண்டே போனதால் அவை இடம் மாறுவது தெரிந்தது; 13ஆம் திகதி நாலாவதும் தெரிந்தது.

பார்ப்பவரே கருவியின் ஒரு பாகம் என்பது விளங்க இன்னும் காலம் எடுத்தது. கிறீனிச்சில் அரச வானியலாளர் மஸ்கெலைன் தன் உதவியாளர் கின்னெபுரூக்கை 1796இல் வேலையால் நிறுத்தினார். மணிக்கூட்டின் அடியைக் காதால் எண்ணிக்கொண்டே, நட்சத்திரம் தொலைநோக்கிக்குள் இருக்கும் கம்பியைத் தாண்டும் கணத்தைக் கண்ணால் பிடிப்பது அக்கால முறை. உதவியாளரின் நேரம் 0.8 செக்கன் பிந்தியது. பின்னர் ஜேர்மானியரான பெசல் வானியலாளர்களை இருவர் இருவராக ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் இடையில் இப்படி ஒரு நிலையான வேறுபாடு இருந்தது. பாவம், கின்னெபுரூக்கின் தவறென்று எதுவும் இல்லை. உங்கள் கழகத்தில் முதல் வாரம் ஒரே அளவுச்சாடியை இருவர் தனித்தனியே வாசித்து, ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் எழுதட்டும். நீர்ப்பரப்பு ஓரத்தில் உயர்ந்து நடுவில் குழிந்து நிற்கும். கண்ணை அதே மட்டத்துக்குத் தாழ்த்திக் குழியின் அடியை வாசிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்ப்பவர் எப்போதும் கூட்டித்தான் சொல்வார். எண்களின் கடைசி இலக்கத்தையும் பாருங்கள்: எல்லாம் 0, 5 என்றே முடிந்தால் யாரோ அளக்காமல் மதிக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் எழுதியவரின் முதலெழுத்து இருக்கட்டும், ஆளைப் பிடிக்க அல்ல, எண்ணைத் திருத்த.

பலரைச் சேர்த்துப் பார்க்கும் வேலையை 1780இல் மான்ஹைம் நகரத்தில் தொடங்கிய பலற்றினேற் வானிலைச் சங்கம் ஒழுங்காகச் செய்தது: 39 நிலையங்கள், ஒரே மாதிரிக் கருவிகள், காலை 7, பகல் 2, இரவு 9 மணி. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் வானாய்வகம் 1796 முதல் வானிலையும் பதிந்தது. அங்கேதான் ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்தில் சைமன்ஸ் 1860இல் 168 நிலையங்களோடு தொடங்கிய மழைப்பதிவு, அவர் 1900இல் இறக்கும்போது மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். உங்கள் கழகமும் அந்த வரிசைதான்.

இனிக் குளம். கஸ்தெல்லியின் கணக்கில் ஏரிக்கு மேலே நேராக விழும் மழை மட்டும்தான் உண்டு. குளத்துக்கு மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீரும் உண்டே. இதையே உங்கள் ஆய்வாக்கலாம். துருசடி (குளத்து மதகடி) அளவுகோலில் தினமும் 8.30க்கு மட்டம் பாருங்கள். காற்று அலைக்கும் நாளில் அலையின் உச்சியையும் பள்ளத்தையும் பத்துத் தரம் பார்த்து நடுவை எடுங்கள். அளவுகோல் அடியும் அங்குலமும் என்றால் அப்படியே எழுதி, மி.மீ. மாற்றத்தை வேறு நிரலில் போடுங்கள். 1 அங்குலம் 25.4 மி.மீ. போத்தல் 40 மி.மீ. காட்டிக் குளமும் 40 மட்டும் ஏறியிருந்தால் மேட்டிலிருந்து சொட்டும் வரவில்லை. குளம் 150 ஏறியிருந்தால் ஓட்டம் தொடங்கிவிட்டது. ஐப்பசியின் முதல் மழைகளைக் காய்ந்த மண்ணும் மேலேயுள்ள சிறு குளங்களும் குடித்துவிடும். மாரி தொடங்கியதிலிருந்து பெய்த மழையைக் கூட்டிக்கொண்டே வந்தால், எத்தனை மி.மீ. ஆனபின் உங்கள் குளத்துக்கு ஓட்டம் வருகிறது என்று சொல்லலாம். இது ஊருக்கு ஊர் வேறுபடும். கமக்கார அமைப்புக்குக் காலபோகத்தில் (மாரி நெற்செய்கையில்) உடனே பயன்படும் எண். துருசு திறந்த நாளையும் வான் (நிரம்பிய குளத்து நீர் வழியும் கட்டு) பாயும் நாளையும் தனியாகக் குறியுங்கள், அந்த நாட்களில் இந்த ஒப்பீடு செல்லாது.

கடைசியாக எறும்பு. அப்பப்பாமார் செய்ததும் அவதானிப்புத்தான், அதில் சந்தேகமில்லை. குறை என்னவென்றால், பலித்தது நினைவில் நிற்கும், பொய்த்தது நிற்காது. சோதிக்க வழி சுலபம். எந்த எறும்பு, எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று முதலே எழுதுங்கள். அடுத்த நாள் 8.30க்குள் 1 மி.மீ. அல்லது கூட விழுந்தால் "மழை" என்று வையுங்கள். பிறகு நாலு கட்டம்: எறும்பு வந்து மழை, எறும்பு வந்து மழையில்லை, எறும்பு வராமல் மழை, இரண்டும் இல்லை. கார்த்திகையில் 30 நாளில் 18 நாள் மழை பெய்தது என்று வைப்போம். எறும்பு காவிய 10 நாளில் 6 நாள் மழை வந்தால், ஆள் பூரித்துப்போவார்; ஆனால் எறும்பு வராத 20 நாளிலும் 12 நாள் மழை. இரண்டும் நூற்றுக்கு அறுபது, எறும்பு ஒன்றும் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது என்றால் கதை வேறு. கார்த்திகையில் எதைப் பார்த்து மழை சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும் என்பதால், பங்குனி சித்திரையில் இடையிடையே மழை வரும் நாட்களில் இதைச் செய்வதே எறும்புக்கும் அப்பப்பாவுக்கும் நியாயம்.